துவாதசி அகத்தியும் பிலோமினா டீச்சரும்

அன்று காலை எங்கள் வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். நான். சாய்வு நாற்காலியில் இவர், அதாவது என் வீட்டுக்காரர். ஏகாதசி விரதம் முடித்துச் சாப்பிடும் துவாதசிப் பாரணைக்கென்று தியாகராய நகரிலிருந்து விடிந்தும் விடியாமலும் பஸ் ஏறி வந்திருந்த என் நாத்தனார் பத்மா. குழாயடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த செல்வி. அவ்வளவுதான். பின்னால் நாலு பேர், "நானும் அப்போ அங்கேதான் இருந்தேன்" என்பார்கள். இருக்கவில்லை.

வாணலியில் அகத்திக்கீரை வெந்துகொண்டிருந்தது. ஒரு கிண்ணம்தான். அதற்கு மேல் எங்கள் வீட்டில் இப்போது செய்வதில்லை. தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. பிலோமினா டீச்சரின் தம்பி மகள் ஜெசிந்தா. அடையாறில் டீச்சரைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரியிலிருந்து பேசினாள். "மாமி, அத்தை போயிட்டாங்க மாமி" என்றாள். அப்புறம் அழுகைதான் கேட்டது.

இவர் கையில் வாங்கிய தீர்த்தத்தைக் குடிக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். "இன்னா மாமி சொல்ற? நல்லாத்தானே பேசிக்கினு இருந்திச்சு அந்த அம்மா!" என்று செல்வி சாம்பல் கையோடு ஓடி வந்தாள். பத்மா ஓவென்று அழுதாள். எல்லாரையும்விட உரக்க அழுதது அவள்தான். அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

டீச்சரிடம் படித்த பெண்கள் அவர் நினைவாக ஒரு மலர் கொண்டுவருகிறீர்கள். என்னையும் எழுதச் சொன்னீர்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆனால் எனக்கு எதுவும் மறப்பதில்லை. நீங்கள் அவரிடம் பரீட்சைக்காகப் படித்தீர்கள். நான் இவர் உயிருக்காகப் படித்தேன். அதனால் எனக்கும் எழுத உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

மயிலாப்பூரில் எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தில் டீச்சருக்குக் கீழ்த்தளம். எங்களுக்கு அதற்கு நேர் மேலே. பெண்கள் கல்லூரியில் உணவுச் சத்துகளைப் பற்றிப் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவர் என்பது உங்களுக்கே தெரியும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சாந்தோமில் பரம்பரையாக இருந்த குடும்பம். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு ஸ்கூட்டரில் போவார். திரும்பி வந்து அந்த ஸ்கூட்டரை என் கோலத்தின் மேல் நிறுத்துவார். ஒரு தடவை இல்லை, ஒவ்வொரு ஞாயிறும். அதனால் பல வருஷம் நான் அவரோடு பேசவில்லை. அதை இப்போதும் நியாயம் என்றுதான் சொல்வேன்.

பேச வைத்தது இவருடைய இதயம். அதில் ஒரு வால்வு கெட்டுப்போய், உலோக வால்வு வைத்தார்கள். அந்த வால்வில் ரத்தம் கட்டிக்கொள்ளாமல் இருக்க, ரத்தத்தை நீர்க்க வைக்கும் மாத்திரை. மாதம் ஒரு முறை ரத்தம் எடுத்து, அது உறைய எத்தனை நேரம் ஆகிறது என்று பார்த்து ஓர் எண் சொல்வார்கள். எண் குறைந்தால் ரத்தம் கட்டும், ஏறினால் ரத்தம் நிற்காது. இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்ன இடம். அதில்தான் இவர் உயிர் உட்கார்ந்திருந்தது. இவர் எண்ணோ ஒரு மாதம் பாதாளத்தில், அடுத்த மாதம் ஆகாசத்தில். டாக்டர் மாத்திரையை ஏற்றுவார், இறக்குவார். "கீரை சாப்பிடறாரா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார். "தொடறதே இல்லை டாக்டர்" என்று நான் சொல்வேன், இவரும் சொல்வார். பத்மா கூட வந்தால் அவளும் சொல்வாள். மூன்று பேரும் பொய் சொல்லவில்லை.

ஓர் ஏகாதசிக் காலை, பல் தேய்த்தபோது இவர் ஈறில் ரத்தம் வந்தது. துப்பத் துப்ப வந்தது. துண்டு நனைந்தது. ஆட்டோவில் போகும்போது என் மடியெல்லாம் நனைந்தது. ஆஸ்பத்திரியில் வைத்து நிறுத்தி அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்து சில நாள் கழித்து டீச்சர் சாத்துக்குடிப் பையோடு படியேறி வந்தார். அன்று அடுத்த ஏகாதசிக்கு மறுநாள். ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த உடம்பு என்று பத்மா ஒரு கட்டுக்கு இரண்டு கட்டாக அகத்தி கொண்டு வந்திருந்தாள். ஆய்ந்து போட்ட காம்புகள் வாசல் வாளியில் நிறைந்து கிடந்தன. டீச்சர் உள்ளே வரவில்லை. வாளியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மாமி, உங்க வீட்டுல மாடு எப்ப வாங்கினீங்க?"

"மாடா?"

"இவ்வளவு அகத்தி தின்னிருக்கே!"

"துவாதசின்னா. பாரணைக்கு."

"மாமாவும் சாப்பிடுவாரா?"

"அவருக்குத்தானே டீச்சர் முக்கியமா!"

"டாக்டர்கிட்ட கீரையே தொடறதில்லைன்னு சொன்னதா மாமா சொன்னாரே?"

நான் விழித்தேன். சத்தியமாக அந்த நிமிஷம் வரை எனக்குத் தோன்றவில்லை. எங்கள் மனசில் துவாதசி அகத்தி கீரைக் கணக்கில் வராது. அது பாரணை. பெருமாள் தீர்த்தம் வாங்கிக்கொண்டவர், தண்ணீர் குடித்தேன் என்று டாக்டரிடம் சொல்வாரா? அப்படித்தான். ஏகாதசி முழுக்கப் பட்டினி, மறுநாள் இலை நிறைய அகத்தி, தேங்காயும் நெய்யும் போட்டு. மற்ற நாளில் கொத்தமல்லிகூடக் கிடையாது, டாக்டர் சொன்னாரே என்று.

டீச்சர் சிரிக்கவில்லை. உள்ளே வந்து உட்கார்ந்தார். அன்றுதான் எனக்கு முதல் பாடம்.

"மாமி, உங்க வீட்டுல ஒரு விசேஷம். பந்திக்கு ஜனம் வந்துக்கிட்டே இருக்கு. தட்டு கொஞ்சம்தான் இருக்கு. என்ன செய்வீங்க?"

"செல்வி தேய்ச்சுத் தேய்ச்சுக் குடுப்பா."

"உடம்பும் அதைத்தான் செய்யுது. ரத்தம் உறையணும்னா வைட்டமின் கே வேணும். அது கொஞ்சமாத்தான் உள்ள வரும். வந்ததை ஒரு தடவை உபயோகிச்சுட்டுத் தூக்கிப் போடாது, கழுவி மறுபடி மறுபடி எடுத்துக்கும். மாமா சாப்பிடற மாத்திரை என்ன பண்ணுதுன்னா, செல்வியை லீவுல அனுப்பிடுது."

குழாயடியிலிருந்து குரல் வந்தது. "நானா? நான் எப்பம்மா லீவு போட்டேன்? ஆடி மாசம் ஒரு நாள் போனதுக்கே மாமி இன்னும் சொல்லிக் காட்டிக்கினு கீது!"

"உன்னைச் சொல்லலை செல்வி. பாடம் நடத்தறேன்." டீச்சர் என் பக்கம் திரும்பினார். "கழுவ ஆள் இல்லைன்னா, புதுசா எத்தனை தட்டு வருதோ அதை நம்பித்தான் பந்தி. அதைப் பாத்துதான் டாக்டர் மாத்திரை அளவு வெக்கறார். நீங்க பட்சம் பூரா ஒரு தட்டும் தராம, ஒரே நாள்ல லாரியில கொண்டாந்து கொட்டறீங்க. கொட்டின மறுநாள் டெஸ்ட் எடுத்தா எண் குறையுது, டாக்டர் மாத்திரையை ஏத்தறார். அப்புறம் கீரையும் இல்லை, ஏகாதசிப் பட்டினி வேற. ரத்தம் எங்கே நிக்கும்?"

"கொட்டினது கொட்டினபடி உள்ளே இருக்காதா? பட்சம் பூரா வராதா?" என்று கேட்டேன். இதைக் கேட்டதற்காக டீச்சர் என்னைப் பெருமையாகப் பார்த்தார். உங்களில் யாரையாவது அப்படிப் பார்த்திருக்கிறாரா, தெரியாது.

"நல்ல கேள்வி மாமி. கீரையில வர்ற கே தங்காது. நெய், எண்ணெய் இருந்தா அதோட ஏறி வரும். பித்தம் வந்து கரைச்சாத்தான் குடல் அதை உள்ளே எடுத்துக்கும். நேரா ஈரலுக்குப் போகும், வேலையைப் பார்க்கும், ஒண்ணு ரெண்டு நாள்ல பெரும்பாலும் கிளம்பிடும். பெரும்பங்கு பித்தத்தோட குடலுக்குத் திரும்பி மலத்துல போகும். மிச்சம் சிறுநீர்ல."

"ஐயோ, சாப்பிடற நேரத்துல என்ன பேச்சு இது!" என்று பத்மா தட்டைத் தள்ளி வைத்தாள்.

"உள்ளே போறதை மட்டும் பேசினா பாதிப் பாடம்தாம்மா" என்றார் டீச்சர். இது அவர் அடிக்கடி சொல்கிற வார்த்தை. நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

மறுநாளே எங்களோடு டாக்டரிடம் வந்து எல்லாவற்றையும் சொன்னார். டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டு, பிறகு ஒத்துக்கொண்டார். தினமும் ஒரே அளவாகக் கொஞ்சம் கீரை, அதற்குத் தக்க மாத்திரை. ஏகாதசியன்றும் அந்தக் கொஞ்சம் உண்டு. துவாதசிக்கு அகத்தியும் அதே அளவுதான். டீச்சர் தன் வீட்டிலிருந்து ஒரு எவர்சில்வர் கிண்ணம் கொண்டு வந்து கொடுத்தார். வெந்த கீரை அதில் தலை தட்டி ஒரு கிண்ணம். பத்மாவுக்கு வந்ததே கோபம்.

"ஏகாதசியில கீரையா? மன்னி, விரதம் என்னத்துக்கு ஆகும்? யாரோ சொல்றான்னு நம்மாத்துப் பழக்கத்தை விட்டுடுவேளா?"

"நாங்களும் தவக்காலத்துல நோன்பு இருக்கோம்மா" என்றார் டீச்சர். "நோயாளிக்கு விலக்கு உண்டு. எங்க ஃபாதரே விடறார், உங்க பெருமாள் அவரைவிடவா கண்டிப்பு?"

இவர் சிரித்துவிட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அன்றுதான் சிரித்தார். அப்புறம் எண் ஒழுங்காக ஓரிடத்தில் உட்கார்ந்தது. டீச்சர் ஸ்கூட்டரை எதிர்ச்சுவர் ஓரம் நிறுத்த ஆரம்பித்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை, அவராகவே நிறுத்தினார்.

பத்மாவின் விஷயத்துக்கு வருகிறேன். எண் நன்றாக இருந்த காலத்தில் ஒரு மாதம் திடீரென்று இறங்கியது. கீரை அளவு மாறவில்லை, மாத்திரை தவறவில்லை. டாக்டர் முகம் மாறிவிட்டது. வால்வில் ரத்தம் கட்டினால் பக்கவாதம், இல்லாவிட்டால் அதைவிட மோசம் என்றார். எண் ஏறும்வரை வயிற்றில் ஊசி போடச் சொன்னார். இவர் சட்டையைத் தூக்கிக்கொண்டு குழந்தை மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

டீச்சர் வந்து சமையலறை அலமாரி முழுக்கக் குடைந்தார். பெருங்காய டப்பாவைக்கூட விடவில்லை. கடைசியில் இவர் தலைமாட்டில் ஒரு மாத்திரைப் பெட்டி. முழங்கால் வலிக்கு என்று பத்மா தியாகராய நகர் மருந்துக் கடையில் வாங்கி அண்ணாவுக்குக் கொடுத்திருந்தாள். எலும்புக்குச் சத்து மாத்திரை. "மன்னிகிட்டச் சொல்லாதே, அவா அந்த டீச்சரைக் கேட்டுண்டுதான் தண்ணியே குடிப்பா" என்று சொல்லிக் கொடுத்தாளாம்.

டீச்சர் மூக்குக் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு பெட்டியில் இருந்த பொடி எழுத்தைப் படித்தார். "சுண்ணாம்புச் சத்தோட கேயும் சேர்த்திருக்கான். அதுவும் வேற கே."

"கேயில வேற கேயா?"

"கீரையில இருக்கறது ஒரு ஜாதி. கிருமிங்க செய்யறது இன்னொரு ஜாதி. நம்ம குடல்லயும் செய்யுது, ஜப்பான்காரன் சோயாவைப் புளிக்க வெச்சுச் சாப்பிடறானே, அதுலயும் நிறைய. கே மூலக்கூறுக்கு வால் மாதிரி ஒரு சங்கிலி உண்டு, இதுக்கு அந்த வால் நீளம். வால் நீளமா இருக்கறதால சீக்கிரம் கிளம்பாது. நாள் கணக்கா ரத்தத்துல சுத்திக்கிட்டே இருக்கும். தினம் ஒண்ணு போட்டா மேல மேல சேரும்." குரலைத் தாழ்த்தினார். "அகத்தி, காலையில வந்து சாயங்காலம் போற விருந்தாளி மாமி. இது உங்க நாத்தனார்."

அன்றைய கோபத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. மாத்திரையை நிறுத்தியும் எண் உடனே ஏறவில்லை. நீள வால் மெதுவாகத்தான் போயிற்று. அது போகும்வரை இவர் வயிற்றில் ஊசி. நான் பத்மாவோடு பேச்சை நிறுத்தினேன். அவள் வந்தால் காப்பி கொடுப்பேன், முகம் பார்க்க மாட்டேன். டீச்சர் எனக்காக அவளையும் அவளுக்காக என்னையும் மாற்றி மாற்றிச் சமாதானம் செய்தார்.

"மாமி, எந்த கே வந்தாலும் ஈரல் என்ன செய்யுது? வாலை நறுக்குது. குட்டை வால், நீள வால், எல்லாத்தையும் ஒரே மாதிரி நறுக்கிடும். வெளிய போறப்ப இது அகத்தியா, மாத்திரையான்னு சொல்ல முடியாது. உங்க உடம்புலதான் ஒண்ணுமே வெளிய போறதில்லை. எல்லாம் சேமிப்பு. கோலத்து மேல ஸ்கூட்டர் வெச்சதுகூட அப்படியே இருக்கு."

"இருக்கு டீச்சர். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமையா இருக்கு" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். அவர் கேட்டுக்கொண்டதற்காக பத்மாவோடு பேச ஆரம்பித்தேன். பத்மாவும் டீச்சரிடம் வந்து, "அந்தப் பெட்டியில அவ்வளவு சின்னதா போட்டிருந்தா யாருக்குத் தெரியும்?" என்று அழுதாள். அன்றிலிருந்து அகத்தி வாங்கும்போதெல்லாம் டீச்சருக்கும் ஒரு கட்டு வாங்குவாள்.

போன வருஷம் ஜெசிந்தா பிரசவத்துக்கு அத்தை வீட்டுக்கு வந்தாள். அவளுக்குத் தாயார் இல்லை. டீச்சர் தாயாராகவும் இருந்தார், பாட்டியாகவும் இருந்தார். குழந்தை பிறந்த அன்று நானும் ஆஸ்பத்திரியில் இருந்தேன். பெண்ணா பிள்ளையா என்றுகூடக் கேட்கவில்லை. நர்ஸைப் பார்த்து முதல் வார்த்தை, "கே ஊசி போட்டாச்சா சிஸ்டர்?"

"பிறந்த குழந்தைக்கு எதுக்கு டீச்சர்?" என்றேன்.

"தாய்கிட்டேருந்து கொஞ்சம்தான் வந்திருக்கும் மாமி. தாய்ப்பால்லயும் குறைவு. குடல்ல கிருமி இன்னும் குடி வரலை. தொடையில ஒரு ஊசி. அதுக்கப்புறம் எனக்குத் தூக்கம் வரும்."

அன்று அவர் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். கண்ணில் மருந்து விட்டிருப்பதாகச் சொன்னார். அந்தப் புழுக்கத்தில் முழுக்கை ரவிக்கை. கையைச் சொறிந்துகொண்டே இருந்தார். வேர்க்குரு என்றார். வீட்டுக்கு வந்து குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டும்போது ரவிக்கைக் கை மேலே ஏறியது. முழங்கைக்கு மேல் உட்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு நீலம். பக்கத்தில் இன்னொன்று, பழுத்து மஞ்சளாகிக்கொண்டு.

"டீச்சர், இது என்ன?"

"கதவுல இடிச்சுக்கிட்டேன்."

"கதவு உள்கையில வந்து இடிக்குமா?"

கறுப்புக் கண்ணாடிக்குப் பக்கவாட்டில் பார்த்தேன். கண் மஞ்சளாக இருந்தது. அவர் சொல்லிக் கொடுத்த பாடம்தானே. பித்தம் வரும் வழி அடைத்துக்கொண்டால் நெய் கரையாது. நெய் கரையாவிட்டால் கே உள்ளே ஏறாது, என்ன சாப்பிட்டாலும் வந்த வழியே வெளியே போகும். கே இல்லாவிட்டால், தொட்ட இடமெல்லாம் நீலம். எனக்குப் புரிந்துவிட்டது என்பது அவருக்கும் புரிந்துவிட்டது.

"டாக்டர்கிட்டப் போனேளா?"

"போனேன் மாமி. எல்லாம் பாத்துட்டாங்க. பித்தப்பையில சின்னக் கல்லு. மருந்து குடுத்திருக்காங்க, கரைஞ்சுடும்."

"சத்தியமா?"

"எங்கள்ல சத்தியம் பண்ணக்கூடாது மாமி." சிரித்தார். "பச்சை உடம்புக்காரி, ஜெசிந்தாகிட்ட ஒண்ணும் சொல்லிடாதீங்க. ஞானஸ்நானம் முடியட்டும்."

நம்பினேன். இவர் எண்ணைப் பொய் சொல்லாமல் பார்த்த மனுஷி, தன் உடம்பைப் பற்றிப் பொய் சொல்வார் என்று எனக்கு எப்படித் தோன்றும்?

ஞானஸ்நானம் மாதா கோயிலில் நன்றாக நடந்தது. டீச்சர் எல்லாருக்கும் கேக் பரிமாறினார். அடுத்த நாள் காலை பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம். இவருக்கு வந்த மாதிரியே. அடையாறுக்குக் கொண்டுபோனார்கள். கல் இல்லை. பித்தக் குழாயை அழுத்திக்கொண்டு கணையத்தில் கட்டி, ஈரல்வரை பரவியிருந்தது. அதுவரை எந்த டாக்டரையும் அவர் பார்க்கவேயில்லை.

நான் பார்க்கப் போனபோது கையில் ஊசி ஏறிக்கொண்டிருந்தது. ரத்தம் நின்றிருந்தது. முகம் எலுமிச்சம்பழம். ஆனால் குரல் வகுப்பெடுக்கிற குரல்தான். "பாத்தீங்களா மாமி, நேரா ஊசியில குடுத்தா பித்தமே வேண்டாம். எப்படி நின்னுடுச்சு பாருங்க!" சந்தோஷமாகச் சொன்னார். நிஜமாகவே சந்தோஷம்.

கட்டில் ஓரம் உட்கார்ந்தேன். அப்புறம் கேட்டேன். "எங்கிட்ட ஏன் டீச்சர் பொய் சொன்னேள்?"

"உங்ககிட்ட நிஜத்தைச் சொன்னா நீங்க விட்டிருக்க மாட்டீங்க. அன்னிக்கே இழுத்துக்கிட்டுப் போயிருப்பீங்க. அந்தப் பொண்ணுக்கு வேற யாரு இருக்கா? குழந்தையைக் குளிப்பாட்டற அந்த நாலு வாரம் எனக்கு வேணும்னு இருந்துச்சு."

"இழுத்துண்டு போகத்தானே டீச்சர் நான் மேல் வீட்டுல இருக்கேன்?"

அவர் என் கையைத் தட்டிக் கொடுத்தார்.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த எவர்சில்வர் கிண்ணம். தினமும் தலை தட்டி ஒரு கிண்ணம் கீரை அளக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கீழே கோலம் போட்டால் சாயங்காலம்வரை அழியாமல் இருக்கிறது. இவர் எண் சரியாக இருக்கிறது. ரிசல்ட் வாங்கிக்கொண்டு வரும்போது கீழ்த்தளத்துக் கதவுப் பக்கம் இவர் கால் தானாகத் திரும்புகிறது. நான் பிடித்து மாடிக்கு அழைத்துப் போகிறேன்.

மற்றவர்களை மன்னித்துவிட்டேன். பத்மா கொடுத்த எலும்பு மாத்திரையை டீச்சருக்காகவே மன்னித்தேன். போன் வந்த அன்று பத்மா அழுத அழுகையைப் பார்த்து, இவளுக்கு இந்த உரிமை உண்டு என்று மனசுக்குள் ஒத்துக்கொண்டேன். ஜெசிந்தா மேல் ஒன்றும் இல்லை, அவளே ஒரு குழந்தை மாதிரி. மஞ்சள் கண்ணைக் கறுப்புக் கண்ணாடியில் மறைத்து, எனக்குப் பாடமெல்லாம் சொல்லிக் கொடுத்துவிட்டு, அந்தப் பாடம் தேவைப்பட்ட ஒரே நாளில் என்னை நம்ப வைத்து ஏமாற்றியவர் ஒருத்தர் இருக்கிறார். என் உடம்பிலிருந்து எதுவும் வெளியே போவதில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். இதுவும் போகாது. போக வேண்டாம். நான் மன்னிக்கப் போவதில்லை என்று இருப்பது ஒருவரைத்தான், பிலோமினா டீச்சரை.